நாலு கதிரையும் ஒரு அண்ணனும்

"அண்ணன் இப்பவும் நிண்டுகொண்டுதான் சாப்பிடுறாரா, மச்சாள்?"

கிரானில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் அமர்ந்த இரண்டு பெண்களில் இளையவள் கேட்டாள். மூத்தவள் மடியில் கம்பளி நூலைப் போட்டுக் கொக்கி ஊசியால் பின்னிக்கொண்டிருந்தாள்.

"நான் என்னகா செய்ய? சாப்பாட்டு மேசையடியில இருக்கிற நாலு கதிரையிலயும் அரைகுறைப் பின்னல் கிடக்கு. தூக்கினா கண்ணி கழண்டிரும்."

"சின்னவள் பிறக்கக்குள்ள துடங்கின தொப்பியுமா?"

"ஓம், அதுவும்தான்."

"அவள் இப்ப ரெட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் போறாள். கவனமா வைச்சிருங்க, அவள்ற பிள்ளைக்கு உதவும். டீவிக்கு மேல போடுற விரிப்பு?"

"கொஞ்சம்தான் மிச்சம்."

"அண்ணன் புது டீவியைச் சுவரில எல்லோ கொழுவிட்டார். விரிப்பை இனி பல்லிக்கா விரிக்கப் போறீங்க?"

மூத்தவள் நூலை இழுத்து அடுத்த கண்ணியைப் போட்டாள்.

"இப்ப டவுனுக்கு நூல் வாங்கத்தானே?"

"நூல் அலுமாரி நிறையக் கிடக்கு. கதிரை ஒண்டு வாங்கப் போறன்."

"அப்பாடா! அண்ணன்ட கால் தப்பிச்சுது."

மூத்தவள் ஊசியை நிறுத்தி, மடியில் கிடந்ததைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப இதை எங்ககா வைக்கிற?"