ஆறு மில்லிமீட்டர் வளைவு

என் பெயரும் தகப்பனார் பெயரும் படிவத்தின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. அலுவலகத்தில் என்னை ‘ஸ்கேல்’ என்று கூப்பிடுவார்கள். சாட்சிகள் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள் என்பதால் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வயது ஐம்பத்தொன்பது. மாநகராட்சி ஊழியர் குடியிருப்பு, சி பிளாக், இரண்டாவது மாடியில் மனைவியுடன் வசிக்கிறேன். நகரமைப்புப் பிரிவில் முப்பத்தொரு வருடமாக வரைவாளராக இருக்கிறேன், ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருக்கிறது. என்னை யாரும் மிரட்டி அழைத்து வரவில்லை. நானாகக் காவல் நிலையத்துக்கு வந்தபோது ஆய்வாளர் சாப்பிடப் போயிருந்தார், அவர் வரும்வரை காத்திருந்தேன்.

எங்கள் பிரிவின் அலுவலர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையுடைய கணவர். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். இரண்டு வருடம் முன்பு மாற்றலாகி இங்கே வந்தார். வீட்டில் அவர் என்னை அண்ணா என்பார், அலுவலகத்தில் நான் அவரை சார் என்று கூப்பிட வேண்டும். “இங்கயும் சகலைன்னே கூப்பிடுங்கண்ணா” என்று முதல் நாளே சொன்னார். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்காததால் அன்றிலிருந்து ஒரு வாக்கியத்துக்கு இரண்டு சார் போட்டுப் பேசினேன்.

அவர் வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். இதை வேறு சொல் போட்டு எழுத வேண்டாம் என்று எழுத்தரிடம் கேட்டுக்கொண்டேன். மாமியார் வீட்டில் மின்விசிறிக்கு நேரே உள்ள நாற்காலி எத்தனையோ வருடமாக என்னுடையது. அவர் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே அது அவருடையதாயிற்று. அவர் கேட்கவில்லை, மாமியாரே இழுத்துப் போட்டார்.

எங்கள் பிரிவின் வேலைமுறை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நகரத்தின் அடுத்த இருபது வருட வளர்ச்சித் திட்டத்தைக் கணினியில்தான் தயாரிக்கிறோம். ஆனாலும் மன்றக் கூட்டத்தில் விரிக்கும் பெரிய தாளில் மட்டும் புதிய சாலைகளை நான் கையால் மை போட்டு வரைவேன். மேயருக்கும் உறுப்பினர்களுக்கும் விரல் வைத்துப் பார்த்தால்தான் திருப்தி. மன்றம் எந்தக் கோட்டை நிறைவேற்றுகிறதோ அதைப் பார்த்துப் பிறகு கணினியில் திருத்துவோம். அலுவலர் எப்போதும் கூட்டம் கூட்டமென்று அலைவதால், தாளின் மூலையில் அவரிடம் கையெழுத்தை முதலில் வாங்கிவிடுவேன், மையைப் பிறகு போடுவேன். இதற்கு முன்பிருந்த நான்கு அலுவலர்களும் இப்படித்தான் கையெழுத்திட்டார்கள், ஒருவரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

இந்த வருட பட்ஜெட்டில் ஒரே ஒரு சாலைக்குத்தான் இடம் இருந்தது. பேருந்து பணிமனையிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் இணைப்புச் சாலை அது. முடிவான பாதை மூடிக்கிடக்கும் பழைய கிடங்கின் வழியாகப் போகிறது. கிடங்கின் பின்சுவரை ஒட்டித்தான் என் சகலையின் வீடு.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு எங்கள் இருவரையும் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மேலே புதிதாக மாடி எடுத்திருந்தார். அங்கே சமையலறையில் இழுப்பறைகள் தள்ளினால் சத்தமில்லாமல் தானே மூடிக்கொள்ளும். என் மனைவி ஒரே இழுப்பறையை ஏழு தடவை திறந்து மூடினாள். எங்கள் வீட்டு இழுப்பறையை முழங்காலால் முட்டித்தான் மூட வேண்டும். அப்போது சகலை என் தோளில் கை போட்டு, “அண்ணா, ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸ காலி பண்ணணுமில்ல? இந்த மாடி உங்களுக்குத்தான். அக்காவும் தங்கச்சியும் ஒண்ணா இருக்கட்டும்” என்றார். என் மனைவி அந்த நிமிடமே எந்த ஜன்னலுக்கு என்ன திரை போடுவது என்று பேச ஆரம்பித்துவிட்டாள். அவர் தலைக்கு மேலே குடியிருந்தாலும் அவர் காலடியில் இருப்பதாகத்தான் எனக்கு இருக்கும் என்று தோன்றியது. தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் கிளம்பினேன்.

அதன் பின்பு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளில், இணைப்புச் சாலையைக் கிடங்குக்கு முன்பே வளைத்து மை போட்டேன். தாளில் ஆறு மில்லிமீட்டர், தரையில் பன்னிரண்டு மீட்டர். கோடு அவர் வீட்டின் நடுக்கூடத்தில் போயிற்று. வீட்டை இடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மன்றத்தில் தாளை விரித்ததும் அவர் பதறுவார், அவர் கையெழுத்தே கீழே இருக்கும், சொந்த வீட்டுக்காகக் கெஞ்சுகிற அதிகாரி என்று எல்லோரும் சிரிப்பார்கள், அதன் பின்பு திருத்திக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் மூக்கு ஒரு தடவையாவது உடைபடுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் தாளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, “இது யாரு வீடுங்க?” என்று கேட்டார். சகலை கண்ணாடியை மாட்டிக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பின்பு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதன் பின்பு, “என் வீடுதான். ரோடு வரணும்னா வரட்டும்” என்றார். பின்பு மேயர் எழுந்து கைதட்டினார், உடனே எல்லோரும் எழுந்தார்கள். இரண்டு கையாலும் தாளைப் பிடித்திருந்ததால் நான் கைதட்டவில்லை. திட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. மாமியார் அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டினார். பக்கத்து வார்டு கவுன்சிலர்கள் சகலையைப் பார்க்க வரிசையில் வந்தார்கள். என் மனைவி மூன்று நாள் அழுதாள், அழுதுகொண்டே, “மனுஷன்னா அவருதாங்க மனுஷன்” என்றாள். நான் போட்ட கோட்டுக்கு ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

அதன் பின்பு ஒரு நாள் அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “அந்த வளைவு உங்க கைதாண்ணா. நம்ம செக்‌ஷன்ல நடுங்காம இப்படி வளைக்க வேற ஆளு இல்ல” என்றார். “அன்னிக்கே சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும், பென்ஷன் போயிருக்கும். அக்கா என்ன பண்ணுவாங்க? யார்கிட்டயும் சொல்லல, உங்க கொழுந்தியாகிட்டகூட. விடுங்க, வீடு இன்னொண்ணு கட்டிக்கலாம்” என்றார். எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். நல்ல தேநீர், அதையும் குடித்தேன்.

அதன் பின்பு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திட்டத்தின் மேல் ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் உண்டு, அது நாளையோடு முடிகிறது. அதன் பின்பு கோட்டை மாற்ற முடியாது, வீட்டை இடிப்பார்கள். நாளைக்குள் வாக்குமூலம் மன்றத்துக்குப் போனால் சாலை மறுபடி கிடங்கு வழியாகப் போகும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்தேன்.

மனசாட்சி உறுத்தித்தானே வந்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். அப்படி எழுத வேண்டாம் என்றேன். கோட்டைப் பொறாமையில்தான் போட்டேன், பொறாமையில்தான் இதைச் சொல்கிறேன். என் வேலையும் பென்ஷனும் அவர் போட்ட பிச்சையாக இருப்பதைவிட அவை போகட்டும். அவர் வீடும் அவருக்கே இருக்கட்டும், பத்திரிகையில் வந்த பெயர் மட்டும் அவருடையது அல்ல என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

இவ்வளவும் எழுதி முடித்த பின்பு, ஆய்வாளர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்ததைக் கேட்டு ‘அண்ணா’வுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஒருவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகக் காவலர் வந்து சொன்னார். யார் என்று நான் கேட்கவில்லை. வேறு ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக, பெயரைச் சொல்லுங்கள் என்று ஆய்வாளர் பேனாவை எடுத்தார். எவ்வளவு யோசித்தும் எனக்கு வேறு பெயர் வரவில்லை.

மேலே உள்ள ஒவ்வொரு வரியும் நான் சொன்னதே, சொன்னதெல்லாம் நடந்ததே. முழுவதையும் எழுதி, வாசித்துக் காட்டி, கடைசி வரியின் கீழ் கோடு போட்டு மூடிய பின்புதான் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)