கூட்டாத கீழ்வரி

ஜவாஹிர்: ...கூட்டத்தானே ஒங்களுக்குச் சம்பளம், நேசம்மா? இந்தக் கொக்கோ மரத்தடியப் பாருங்க. சருகும் அழுகின காய்க்கோதும்!

நேசம்மா: கூட்டாம வேணும்னேதான் விட்டேன், முதலாளி.

ஜவாஹிர்: சரிதான்... அடுத்த மாசம் வெட்டி மிளகு வைக்கப்போற மரம்தானேன்னு சோம்பலா?

நேசம்மா: மிளகு வச்சா எனக்கு வேலை இருக்குமா?

ஜவாஹிர்: ...எப்படி இருக்கும்? மூணு வருசமா காய் பேருக்குத்தானே!

நேசம்மா: அண்ணாந்து பாருங்க. எத்தினி பிஞ்சு?

ஜவாஹிர்: அட... நாலு, அஞ்சு... அந்த மரத்துலயும்! என்ன உரம் போட்டீங்க?

நேசம்மா: ஈ.

ஜவாஹிர்: என்னது?

நேசம்மா: குனிஞ்சு கோதைப் பெரட்டுங்க. மொத்தமாப் பெரட்டாதீங்க, மெல்ல!

ஜவாஹிர்: புகை மாதிரி எழும்புதே... கொசுவா?

நேசம்மா: கடிக்காது. கடுகுல பாதி. சாம்பல் நெறம், றெக்கையில மயிரு. கொக்கோப் பூவுக்குள்ள தேனீ நுழையாதுங்க, இதுதான் நுழைஞ்சு காய் பிடிக்க வைக்கும். விடியக்காலம் வந்து பாருங்க.

ஜவாஹிர்: ஒங்களுக்கு யாரு சொன்னது?

நேசம்மா: காய்ச்சல்ல ரெண்டு மாசம் கெடந்தேன்ல? நல்ல மழை. கூட்ட ஆளில்ல. எந்திரிச்சு வந்தா, ஈரம் தங்குற இந்தக் கீழ்வரியில மட்டும் பிஞ்சு. விவசாய ஆபீஸ் பிள்ளைகிட்ட கேட்டேன். ஈரக் கோதுல முட்டை போடுமாம். புழுவாகி, கூடாகி, ஈயாப் பறக்க இருவத்தெட்டு நாளாம்.

ஜவாஹிர்: அப்ப நாம கூட்டி எரிச்சது...

நேசம்மா: முட்டையும் புழுவும். மூணு வருசமா இந்தக் கையாலதான் அதுங்க குடியக் கெடுத்திருக்கேன்.

ஜவாஹிர்: கையி ஒங்கடது. வாயி என்டது. தோட்டம்னா வீட்டு முத்தம் மாதிரி சுத்தமா இருக்கணும்னு நான்தானே கத்தினேன்...

நேசம்மா: அதையும் நீங்களே சொல்லிட்டீங்க.

ஜவாஹிர்: சிரிக்காதீங்க. ஒண்ணு சொல்லணும்... அடுத்த மாசம்னு சொன்னது பொய். வெட்டுறவங்க மிசினோட ரோட்டுல நிக்கிறாங்க. ஒங்க முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல்ல.

நேசம்மா: தெரியும். வரும்போதே பாத்தேன்.

ஜவாஹிர்: பாத்துமா இவ்வளவு நேரம் ஈக்கதை சொன்னீங்க! ...சரி, அவங்கள அனுப்பிடுறேன். நீங்க மேல்வரிக்கும் கோது போடுங்க.

நேசம்மா: போட்டு இருவது நாளாச்சு, முதலாளி. நீங்க ஏறிப் பாத்துத் திட்டுவீங்கன்னுதான் இங்கயே நிக்க வச்சுப் பேசிக்கிட்டிருக்கேன்.