மயிலைக்குக் குடுத்த காய்

நம்ம முப்பாட்டன்மாருக்கே மீசை முளைக்காத காலம் அது. புளியங்கரைன்னு ஒரு ஊரு. ஊருக்கு மேக்க செவ்வாக்கிழமைச் சந்தை. அங்கதான் நம்ம வகையறாவுக்கெல்லாம் மூத்தவ ஒச்சாயி இருந்தாளாம். புருசன் போய்ச் சேந்துட்டான். வானமும் பொய்ச்சுப்போச்சு. வீட்டுல புள்ளைக பசியில சுருண்டு கெடக்கும். அடுப்புல பூனை தூங்குச்சுன்னு சொல்லுவாக.

சந்தைக்கு மட்டும் மலையடிவாரத்துல கெணத்துத் தண்ணியில வெளைஞ்ச காய் வந்து குமியும். வாங்கத்தான் சனத்துக்கு வக்கில்ல. பொழுது சாய, யாவாரிக மிச்சத்தைப் பள்ளத்துல கொட்டிட்டுப் போயிருவாக. ஏன்யா, குடுத்தா என்னன்னு கேட்டா, “சும்மா கெடைச்சா எனக்கொண்ணு எங்கப்பனுக்கொண்ணும்பானுக. அப்புறம் எவன் வெலைக்கு வாங்குவான்?”னு பேசுவாக. அட பாவிகளா!

ஒரு சாயங்காலம் ஒச்சாயி பள்ளத்தோரம் போய் நின்னா. வெயில் மஞ்சக் கரைச்ச மாதிரி கெடக்கு, புழுதி ஆளுயரத்துக்கு மெதக்குது. பூசணிக்கா விக்கிற மீராசா ராவுத்தர் கூடையோட வாராரு.

“என்ன தங்கச்சி, யாருக்கு வேணும்?”

புள்ளைகளுக்குன்னு சொல்ல நாக்கு எழல. கைநீட்டிப் பழகாத மானம். எங்கிட்டோ ஒரு மாடு கத்துச்சாம்.

“மாட்டுக்குண்ணே.”

“அட, வாயில்லாச் சீவனுக்கா! அதை முன்னமே சொல்லப்படாதா?” கூடையோட குடுத்துட்டாரு.

அன்னையிலருந்து வாராவாரம் இதே கதைதான். மாட்டுக்குப் பேரென்னம்பாக. மயிலைம்பா. கொம்பு எப்படிம்பாக. விரிகொம்பும்பா. பாவக்கா போடட்டாம்பா ஒருத்தி. “எங்க மயிலைக்குக் கசப்பு ஆகாதுக்கா”ம்பா இவ. சந்தையே அந்த மாட்டு மேல உசுரா கெடந்துச்சு. கம்மாக்கரையில அது மேயுறதைப் பாத்தேன்னு ஒருத்தன் சத்தியம் பண்ணானாம்! இல்லாத மாட்டை!

ஒச்சாயிக்கும் அப்படித்தான் ஆச்சு. கூடையோட வீடு திரும்பையில பின்னால குளம்புச் சத்தம். தோள்ல வெதுவெதுன்னு மூச்சு. அவ திரும்பல. திரும்புனா இல்லாமப் போயிருமேன்னு பயம்.

ஒரு செவ்வா ராவுத்தர் கையில வெங்கல மணி. “மயிலைக்கு நானே கட்டுறேன், நட தங்கச்சி.”

பொய் தெரிஞ்சா அடுத்த வாரத்துக் காய் பள்ளத்துக்குத்தான். புள்ளைக வயித்துக்கு என்ன பண்ணுவா? வேணாம்ணேங்குறா, நாளைக்குங்குறா. மனுசன் கேக்கல. கூடவே வந்துட்டாரு.

வீட்டுல மாட்டுக் கொட்டமும் இல்ல, கட்டுற தும்பும் இல்ல. பானையைச் சுத்திப் புள்ளைக. கடைக்குட்டி முகவாயெல்லாம் பூசணிக்கா.

ஒச்சாயி அப்படியே உக்காந்து அழுதுட்டா. “அண்ணே, மாடு இல்ல. இதுகதான்.”

ராவுத்தர் குனிஞ்சு, கடைக்குட்டியோட அரைஞாண் கயித்துல மணியைக் கட்டுனாரு.

“யாரு இல்லன்னது? இந்தா நிக்குதே. எம்புட்டு மெலிஞ்சு கெடக்கு! தீனி பத்தலத்தா. வர்ற வாரம் பெரிய கூடையா கொண்டா.”

சந்தையில போய், “மயிலையைப் பாத்தேன், கன்னும் போட்டிருக்கு”ன்னாராம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் பசிச்ச வீட்டுக்கெல்லாம் மாடு மொளைச்சுச்சு. எந்த வீட்டு மாட்டையும் எவனும் போய்ப் பாக்கல.

இன்னைக்கும் அங்க அப்படித்தான். பொழுது சாய, மிச்சக் காயைப் பள்ளத்துல கொட்டுறதில்ல, கூடையில கட்டி ஓரமா வப்பாக. மயிலைக் கூடைன்னு பேரு. யாரு வேணா போயி, “மாட்டுக்கு”ன்னா போதும். எந்த ஊரு, என்ன சாதின்னு கேள்வி கெடையாது. மாட்டுக்குன்னுதான் கேப்பாக, மாட்டுக்குன்னுதான் குடுப்பாக. குடுக்கையில மேல ஒரு கை உப்பும், ஒரு கொத்துக் கருவேப்பிலையும் வச்சுக் குடுப்பாக.