பொறாமைக்காரி சோதித்த ஆன்டிபாடி

அறிவுக்கு அணியாய் இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் கிருபாகரன் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் கூடுவாஞ்சேரித் தாய்மார்களே, கோவளத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் சொந்தபந்தங்களே, பொன்னாடை போர்த்திக்கொண்டு என்னைப் பார்க்காமல் தலை குனிந்திருக்கும் விழா நாயகி ஜெசிந்தாவே, உங்கள் அனைவருக்கும் இந்த விஜயகுமாரியின் வணக்கம்.

பாராட்டத்தான் அழைத்தார்கள்; பாராட்டுவேன். அதற்கு முன் ஒன்று. எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பொன்னாடையைப் பார்த்தால் எரிகிறது. வாசலில் கட்டிய பேனரைப் பார்த்தால் எரிகிறது. அதில் அவள் சிரிக்கும் சிரிப்பைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. ஏன் சிரிக்கிறீர்கள்? பக்கத்து வீட்டில் புதுக் கார் வந்து நின்றபோது உங்களுக்கு எரியவில்லையா?

"இன்னாம்மா கண்டுபுட்ச்சுது அந்தப் பொண்ணு? புரியிற மாரி சொல்லு" என்கிறார் பின்வரிசை அண்ணன். சொல்கிறேன் அண்ணா. எலும்பு முறிந்தால், அதை வளரச் சொல்லும் ஒரு புரதம் உடம்பில் சுரக்கிறது. அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதுதான் நல்ல ஆன்டிபாடி. அது ஒட்டிய இடத்தை நாங்கள் பழுப்பு நிறமாக்கி, எலும்பு அங்கே கூடுகிறது என்று கண்டுகொள்வோம்.

பொத்தேரிப் பக்கமுள்ள எங்கள் ஆய்வகத்தில் இதற்காக அவள் ஓர் ஆன்டிபாடி செய்தாள், நான் ஒன்று செய்தேன். என்னுடையது எலும்பில் ஒட்டியது, தசையில் ஒட்டியது, தோலிலும் ஒட்டியது. கல்யாண வீட்டில் கண்டவரிடமெல்லாம் போய்ப் பேசும் சித்தப்பாவைப் போல. அவளுடையது தோற்றால், என்னுடையதைத் திருத்த எனக்கு இன்னொரு வாய்ப்பு. அது வென்றாலோ, என் வேலைக்கு மூடுவிழா.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செய்தவரே சோதிக்கக் கூடாது. சோதிக்கும் ஆளை அவரே தேர்ந்தெடுக்கலாம். எல்லோரும் தோழரைத் தேடுவார்கள். இவள் என் மேசைக்கு வந்தாள்.

"யக்கா, நீயே செக் பண்ணு."

"உன்னக் கண்டா எனக்கு ஆவாதுன்னு எல்லாருக்கும் தெரியுமேடி."

"அதாங்கா. மத்தவங்க பாத்துட்டு ஓகேன்னுடுவாங்க. நீதான் நோண்டி நோண்டி பாப்ப."

நோண்டினேன், அவையோரே. விட்டேனா? விடுவேனா? தசையை வைத்தேன், ஒட்டவில்லை. தோலை வைத்தேன், ஒட்டவில்லை. அந்தப் புரதத்தைப் போலவே இருக்கும் பங்காளிப் புரதங்களைக் காட்டி ஏமாற்றப் பார்த்தேன்; ஏமாறவில்லை. முறிந்து கூடிக்கொண்டிருந்த எலும்பை வைத்தேன்; பளிச்சென்று பழுப்பு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் பழுப்புதான்.

'சந்தேகம்' என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தால் போதும், இந்த மேடையே இருந்திருக்காது. பேனாவை எடுத்தேன். கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று எப்படி எழுதுவேன்? குறையில்லை என்று எழுதினேன். கழிவறைக்குப் போய் அழுதேன்.

இந்தச் சான்றைத் தோழி தந்திருந்தால் அது தயவு. தெரிந்தவர் தந்திருந்தால் அது தாட்சண்யம். வயிறெரிந்தவள் வாய்திறந்து, "வாய்மை இதுதான்" என்றாளே, அந்தச் சான்றை எவர் அசைப்பார்? எந்த நாட்டார் அசைப்பார்?

பொறாமை தீர்ந்ததா? தீரவில்லை. வேறொரு புரதத்துக்கு ஆன்டிபாடி செய்யத் தொடங்கிவிட்டேன். அதைச் சோதிக்க உன்னைத்தான் கேட்கப்போகிறேன், ஜெசிந்தா. உனக்கோ என்மேல் துளிப் பொறாமையும் இல்லை. அதுதான் என் கவலை. அதற்குள் கொஞ்சமாவது பொறாமைப்படக் கற்றுக்கொள்.

என்ன சொல்கிறாள்? மைக் இல்லாததால் உங்களுக்குக் கேட்டிருக்காது. நானே சொல்கிறேன்.

"அதுக்கு நீ மொதல்ல நல்லா செய்யணும்க்கா."

செய்கிறேனடி. பொறாமைக்காரியின் பேச்சைப் பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி, வணக்கம்.