கனடாத் தங்கச்சியின் ஆறு

மனோர் பார்க் கோயிலடியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இளையவர் சொன்னார்: "ஆறே நாசமாப் போட்டுது, அக்கா. எண்டாலும் எனக்கு அவளில இருக்கிற எரிச்சல் போகேல்லை."

"ஆரில?"

"கனடாத் தங்கச்சியில. வீட்டுக்குப் பின்னால சால்மன் மீன் ஏறுற ஆறு. ஒவ்வொரு வருசமும் மீன் துள்ளுற வீடியோ அனுப்புவாள். என்ர குசினி ஜன்னலால பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிதான் தெரியும்."

"ஆத்துக்கு என்ன நடந்தது?"

"மேல ஒரு சுரங்கம் இருக்கு. அதின்ர கழிவைத் தேக்கி வைச்ச அணை உடைஞ்சிட்டுது. ஆறு முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. மீனெல்லாம் செத்து ஒதுங்குதாம். போனில அழுதாள்."

"நீ என்ன சொன்னனி?"

"கொஞ்ச நாள் இஞ்ச வந்து நில் எண்டன்."

"வாறாளாமோ?"

"மாட்டாளாம். ஆத்தை இந்த நிலையில விட்டிட்டு வர மனம் வரேல்லையாம்."

பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது.

"நானும் இஞ்ச எத்தினை வருசமா இருக்கிறன்," என்றார் இளையவர். "விட்டிட்டுப் போக மனம் வராத மாதிரி எனக்கு இஞ்ச ஒண்டும் இல்லை, அக்கா."