அரை அடி

ஐயோ, அந்த அலமாரிய தட்டாதீங்கண்ணே! தட்டுனா டொக்கு டொக்குன்னு காட்டிக் குடுத்துடும். தச்சு வேலைக்கு வந்தவர்கிட்ட அலமாரிய தட்டாதீங்கன்னு சொல்றேன் பாருங்க, என் பொழப்பு அப்படி.

எங்க வீட்டுக்காரி குடுத்த அளவு சீட்டா அது? காட்டுங்க. வெளிய ரெண்டடி ஆழம், உள்ள ஒன்றரை. மீதி அரை அடி எங்கன்னு கேட்டு அடியில கோடு வேற போட்டிருக்கா... ஆமா, பின்னால இன்னொரு பலகை இருக்கு. நான்தான் அடிச்சேன். கோணலா? சிரிக்காதீங்க, பேனா புடிச்ச கைண்ணே இது!

துப்பறியும் கதை எழுதறவன் நான். இருபது வருஷமா ஊரான் வீட்டு செவுத்துல பொணத்த ஒளிச்சு வெச்சவன். படிச்சதில்லையா? பரவால்ல, இப்ப யாருமே படிக்கறதில்ல. அதான் சங்கதியே. கடைசியா எழுதுன மூணையும் பதிப்பாளர் திருப்பி அனுப்பிட்டார். 'போதும் சார்'னு ஒத்த வரிக் கடுதாசி. அவகிட்ட சொல்ல வாய் வரல. அச்சுல இருக்கு, அச்சுல இருக்குன்னு எட்டு மாசமா கதை அளந்துட்டு, திரும்பி வந்த கட்டு எல்லாத்தையும் அந்தப் பலகைக்குப் பின்னால சொருகிட்டேன். தெனமும் கதவ சாத்திக்கிட்டு எழுதற மாதிரி சும்மா உக்காந்திருக்கேன். வெக்கமா இருக்குண்ணே.

இதுல கூத்து என்னன்னா, இந்த யோசனையே என் கதையிலேந்து சுட்டது. திருடன் அலமாரிக்குப் பின்னால வைரத்த ஒளிப்பான். துப்பறியறவர் உள்ளயும் வெளியயும் அளந்து புடிச்சிடுவார். அந்தக் கதைக்குப் பிழை திருத்துனது யாரு? அவதான்! என் கதை எல்லாத்துக்கும் அவதான். யாருக்குத் தெரியக் கூடாதோ, அவளுக்கு அத்துப்படியான எடத்துல போய் வெச்சேன் பாருங்க... என்ன மாதிரி திருடன் இருந்தா போலீசுக்கு வேலையே இல்ல.

அதனால, செவுத்துல ஈரம், பலகைய எடுக்கக் கூடாதுன்னு நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை... என்னண்ணே, கழட்டியே போட்டீங்களா? ஆணி ஏற்கெனவே தளர்ந்திருந்துச்சா?

குடுங்க, இப்படிக் குடுங்க. இது என்ன, பக்கத்துக்குப் பக்கம் செவப்பு மை? இது அவ கையெழுத்து... மூணையும் திருத்தி வெச்சிருக்கா! கடைசிப் பக்கத்துல ஏதோ எழுதியிருக்கா. இருங்க, படிக்கறேன். 'கொலைகாரன் யாருன்னு மூணாம் அத்தியாயத்துலயே தெரிஞ்சுடுது. பதிப்பாளர் மேல தப்பில்ல. திருப்பி எழுதுங்க, நான் படிக்கறேன். பலகைய எடுத்துடுங்க, எனக்குத் துணி வைக்க எடம் பத்தல.'

திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேண்ணே...

சரி, கெளம்புங்க. பலகைய நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. போறப்ப கதவ சாத்த வேணாம், தொறந்தே இருக்கட்டும்.