வாயடைத்த வெற்றிலை

— நேத்து ஒரு மணி நேரம் நான் வாயே திறக்கலப்பா ரெத்தினம். ஆபீஸ் சுவத்துல இருந்த பல்லி, இந்த ஆளுக்கு உயிர் இருக்கான்னு கிட்ட வந்து பாத்துட்டுப் போச்சு.

— முருகையண்ணே, பஸ்ஸுல கண்டக்டரா கத்தியே ரிட்டையர் ஆனவரு நீங்க. தூக்கத்துலயும் 'நீடாமங்கலம் எறங்கு'ன்னு கூவுறீங்கன்னு அண்ணி பொலம்புது.

— அந்தப் பயத்துலதானே ஒரு கவுளி வெத்தலையையும் வாயில அடைச்சுக்கிட்டுப் போனேன்!

— எதுக்கு?

— உன் தங்கச்சி வைரக்கண்ணுக்காகத்தான். மாற்றுத்திறனாளி சங்கத்துலேர்ந்து துணைக்கு அனுப்புறப்ப எனக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணு: கூடப் போ, பக்கத்துல உக்காரு, அது பேசவேண்டியதை நீ பேசாதே. உன்னை வெளியில உக்கார வச்சிட்டு அந்த அதிகாரியம்மா என்னைக் கேக்குறாங்க, இவங்களுக்குக் காப்பகம் சரிப்படுமான்னு. கன்னம் ரெண்டும் பொடைக்க, கையால வைரக்கண்ணைக் காட்டினேன். மறுபடி என்னையே கேட்டாங்க. மறுபடி காட்டினேன். துப்பவும் வழியில்ல, சர்க்கார் ஆபீஸாச்சே.

— அவளுக்குப் பொறந்ததுலேர்ந்தே நாக்கும் காலும் சரியா ஒத்துழைக்காதுண்ணே. யாரு எது கேட்டாலும் அம்மாதான் பதில் சொல்லும். அம்மா போனதும் நான் சொல்றேன். நான் கெடக்குறது தூரத்துல, கீழ்வேளூர்ல. தனியா விழுந்து கெடந்தா யாரு தூக்குறது? அதான் காப்பகத்துக்கு மனு போட்டேன்.

— உன்னை யாரும் குத்தம் சொல்லலப்பா. அது ஒரு பேச்சை முடிக்கிறதுக்குள்ள நீடாமங்கலம் ரயில்வே கேட்டு ரெண்டு தடவை மூடித் தொறந்திருக்கும். ஆனா முடிச்சுது. அம்மா இருந்த வீட்டுலயே இருப்பேன், ஒத்தாசைக்கு எதுத்த வீட்டு அம்சம் வரேன்னிருக்கு, விழுந்தா கூப்புட செல்லு கழுத்துலயே தொங்குதுன்னு. அந்தம்மா பேனாவைக் கீழ வச்சிட்டுக் காது குடுத்துக் கேட்டாங்க. கடைசியில, காப்பகம் வேணாம்னு எழுதிட்டாங்க. நான் அம்புட்டுச் சாறையும் முழுங்கினதுல, பூமியே கிர்ருனு சுத்துச்சு.

— நீங்கதான் சொல்லிக் குடுத்திருப்பீங்க.

— வாயில எடம் ஏது?

— முந்தின நாளே வீட்டுல வச்சு?

— ஒரு வார்த்தை இல்ல. ஏன்யா இப்படித் தொளைக்கிறே?

— உங்க வாயால 'நான்தான் சொல்லிக் குடுத்தேன்'னு கேட்டுட்டா நிம்மதியாப் போயிடலாம்னு வந்தேன்.

— அப்ப, அதுவா பேசுச்சுன்னு நீ நம்பல.

— அவளாத்தான் பேசினான்னு தெரியும்ணே. இன்னிக்குக் காலையில எப்பவும் போல நேரா அவ வீட்டுக்குள்ள போனேன். ஏதோ சொல்ல ஆரம்பிச்சா. நடுவுல புகுந்து நான் முடிக்காம, முதல் தடவையா நின்னு கேட்டேன். 'அண்ணே, இனிமே கதவைத் தட்டிட்டு வா'ன்னா. வெளிய போயி தட்டிட்டு, அவ 'வா'ன்னு சொல்லி முடிக்கிற வரைக்கும் வாசல்லயே நின்னேன்.